எரிமலைக் குசினியும் எங்கள் வெங்காயத் தோட்டமும்

எனக்கு வயது 48. கல்யாணம் கட்டவில்லை. ஆனால் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இதென்ன கணக்கு என்று யோசிப்பீர்கள். என் அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அவருடைய மகளின் பிள்ளைகள்தான் இவர்கள். தாய் என்னை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பேச்சு வந்த நாளிலிருந்து இதுகள் என்னை "மாமாத்தாத்தா" என்றுதான் கூப்பிடும். மூத்தவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு.

பாரிஸில் றெஸ்ரோரன்ற் குசினிகளில் 24 வருடமாக வேலை செய்கிறேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி, மரக்கறி வெட்டி, சலாட் அடுக்கி, இப்போது கிறில் அடுப்பில் நிற்கிறேன். எனக்கு விடுமுறை என்றால் நித்திரை. மிஞ்சினால் லாச்சப்பல் போய் ஒரு பிளேன்ரீ. ஊர் சுற்றுகிற பழக்கமே இல்லை. அப்படிப்பட்ட என்னை 2025 ஒக்ரோபர் பள்ளி விடுமுறையில் மருமகள் பிடித்துவிட்டாள்.

"மாமா, அவருக்கு லீவு கிடைக்கேல்ல. ரிக்கற் எடுத்தாச்சு. நீங்கள் வாங்கோ. தனிய ரெண்டையும் என்னால மேய்க்கேலாது."

எங்கே என்று கேட்டேன். லன்சரோத்தே என்றாள். ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளில் ஒன்று. வரைபடத்தில் பார்த்தால் ஐரோப்பாவில் இல்லை, ஆபிரிக்காக் கரையோரம் கிடக்கிறது. அங்கே திமன்பாயா என்று ஒரு தேசியப் பூங்கா. முழுக்க முழுக்க எரிமலை. மூத்தவன் தொலைபேசியைப் பறித்துச் சொன்னான்: "மாமாத்தாத்தா, நீங்கள் எரிமலை படிச்சனீங்கள்தானே. நீங்கள் வந்து விளங்கப்படுத்துங்கோ."

எரிமலை படித்தவன் என்று எனக்கு வீட்டில் ஒரு பெயர். உண்மையில் நான் படித்தது புவிச்சரிதவியல். அதுவும் ஒன்றரை வருடம். மலைநாட்டில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் 1998 கடைசியில் சேர்ந்து, 2000இல் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். ஏன் விட்டீர்கள் என்று பிள்ளைகள் கேட்டால், "காசு இல்லை" என்று சொல்லி வைத்திருந்தேன். அது பாதிப் பொய். மீதி கதையைப் பின்னால் சொல்கிறேன்.

எரிமலை இல்லாத நாட்டில் எரிமலை படித்த ஆட்கள் நாங்கள். இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய பாறை, உயிர்கள் பெருகும் முன்பே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் போனது. யாழ்ப்பாணம் வேறு சாதி. அது கடலுக்கடியில் படிந்த சுண்ணாம்புக்கல். புத்தகத்தில் மயோசீன் யுகம் என்று இருக்கும். லன்சரோத்தேயின் மிகப் பழைய பாறைகளும் அதே மயோசீன் யுகத்தவைதான். ஆக என் ஊரும் இந்தத் தீவும் ஒரு வகையில் ஒரு வகுப்புப் பிள்ளைகள். ஒன்று கடலில் அமைதியாகப் படிந்தது, மற்றது நெருப்பைக் கக்கி எழும்பியது. விமானத்தில் இருந்து மூத்தவனுக்கு இதைச் சொன்னேன். அவன் காதில் ஹெட்போன் இருந்தது.

பூங்கா வாசலில் ஒரு பிசாசின் சின்னம் நிற்கிறது. இரண்டு கைகளாலும் ஒரு பெரிய முள்ளுக்கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. செசார் மன்றிக்கே என்ற அந்தத் தீவின் ஓவியர் செய்தது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, "இது மாமாத்தாத்தா வேலை செய்யேக்க" என்றாள். மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

உள்ளே போனால் ஒரு மரம் இல்லை. கறுப்பு, செங்கல் நிறம், கொஞ்சம் மஞ்சள். உழுது போட்ட வயல் அப்படியே கல்லாகிவிட்டது போல லாவா கிடக்கிறது. இப்படியான நிலத்துக்கு ஸ்பானிய மொழியில் "மல்பாயிஸ்" என்று பெயர். கெட்ட நிலம் என்று அர்த்தம். கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் தேமல் மாதிரிப் படர்ந்திருப்பது லைக்கன். முதலில் அதுதான் வரும், பிறகுதான் மற்றச் செடிகள். கிட்டத்தட்ட முந்நூறு வருடமாகியும் இங்கே இன்னும் பல இடங்களில் அந்த முதல் ஆளே வேலையை முடிக்கவில்லை. மழை அவ்வளவு குறைவு.

கதை இதுதான். 1730 செப்ரெம்பர் 1ஆம் திகதி இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் திமன்பாயா என்ற ஊருக்குப் பக்கத்தில் நிலம் பிளந்தது. அடுத்த ஆறு வருடம், 1736 ஏப்ரல் வரை, விட்டு விட்டு வெடித்துக்கொண்டே இருந்தது. தீவின் கால்வாசியை லாவா மூடியது. ஊர்கள் அழிந்தன. மூடுண்டது வெறும் தரிசல்ல, தீவின் நல்ல தானிய நிலம். பக்கத்து ஊரான யாய்சாவின் பாதிரியார் அந்திரேஸ் லொறென்சோ குர்பெலோ என்பவர் இதையெல்லாம் நாட்குறிப்பாக எழுதினார். 1731 டிசெம்பர் கடைசியில் அவரும் ஊராரும் நம்பிக்கை இழந்து கிரான் கனாரியா என்ற பக்கத்துத் தீவுக்குப் போனதோடு குறிப்பு நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் லெயோபோல்ட் வொன் பூஃக் என்ற ஜேர்மன் புவிச்சரிதவியலாளர் அதைத் தன் நூலில் சேர்த்ததால்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. 1824இல் இன்னுமொருமுறை வெடித்தது. 1974இல் தேசியப் பூங்காவாக்கினார்கள்.

பூங்காவுக்குள் 14 கிலோமீற்றர் பாதையில் பஸ்ஸில் கொண்டு போகிறார்கள். பஸ் பள்ளங்களின் விளிம்பில் நின்று நின்று போகும். ஆனால் இறங்க விடமாட்டார்கள். ஒருவருமே இறங்கக் கூடாது. மூத்தவனுக்கு வந்ததே கோபம்.

"காசு குடுத்து வந்தது. ஏன் இறங்கேலாது?"

கால் வைத்தால் அந்த லைக்கன் உடைந்துவிடும், மனிதரின் ஒரு காலடி அழிய எத்தனையோ காலம் எடுக்கும் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பஸ்ஸில் இருந்து கண்ணாடிக்குள்ளால் பார்க்கலாம், இறங்கக்கூடாது. இப்படி ஒரு நிலத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990 யூனில் ஷெல் விழத் தொடங்க, வெளிக்கிட்டோம். எனக்குப் பதின்மூன்று வயது. அதன்பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். பிற்காலத்தில் சனம் பஸ்ஸில் போகும்போது முட்கம்பிக்கு அந்தப் பக்கம் தங்கள் பனைகளைப் பார்த்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். இங்கே இறங்கவிடாதது நிலத்தைக் காப்பாற்ற. இந்த வித்தியாசத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டேன்.

இஸ்லோத்தே டி இலாறியோ என்ற மேட்டில் இறக்கினார்கள். இலாறியோ என்று ஒரு துறவி ஒட்டகத்தோடு தனியாக இங்கே இருந்தாராம். அவர் நட்ட அத்திமரம் வளர்ந்ததாம், காய்க்கவில்லையாம். இது ஊர்க்கதை. இங்கே நிலத்துக்குக் கீழே இன்னும் சூடு. ஆழத்தில் ஆறாமல் கிடக்கிற பாறைக்குழம்பின் வெப்பம் வெடிப்புகள் வழியாக ஏறி வருகிறது. பதின்மூன்று மீற்றர் ஆழத்தில் 600 பாகைக்கு மேல். மேலே கிடக்கிற சரளைக்கல்லை வேலைக்காரர் ஒருவர் சவளால் எடுத்துப் பிள்ளைகளின் உள்ளங்கையில் போட்டார். "ஆ" என்று கத்திக்கொண்டு கீழே கொட்டினார்கள். பள்ளம் ஒன்றுக்குள் காய்ந்த முட்செடியைப் போட்டார். தீப்பெட்டி இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பற்றி எரிந்தது.

அடுத்தது தண்ணீர். நிலத்தில் ஒரு குழாய் புதைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் ஒரு வாளித் தண்ணீரை அதற்குள் ஊற்றிவிட்டுப் பின்னால் போனார். இரண்டு மூன்று விநாடி. பிறகு "டொம்" என்று வெடித்து நீராவி வானத்துக்குப் போனது.

இது வரும் என்று எனக்குத் தெரியும். முன்னால் நின்ற ஆட்களுக்கு நடந்ததைப் பார்த்தும் இருந்தேன். நீர் எப்படி நீராவியாகிறது என்று ஒரு நிமிடத்துக்கு முதல்தான் பிள்ளைகளுக்கு விளக்கமும் கொடுத்திருந்தேன். ஆனால் சத்தம் கேட்டபோது நான் நிலத்தில் கிடந்தேன். சின்னவள் எனக்குக் கீழே. அவளின் தலையை என் கை அமத்திப் பிடித்திருந்தது.

சுற்றி நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். சின்னவளுக்கு முழங்கால் உரஞ்சி இரத்தம். அவள் அழுதது நோவுக்கு அல்ல, பயத்துக்கு. வெடித்ததைப் பார்த்த பயமல்ல, என்னைப் பார்த்த பயம். மருமகள் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அவளுக்கு விளங்கும். அவளும் 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுக்க ஒரே வீதியில் நகர்ந்தபோது, ஒன்பது வயதுப் பிள்ளையாக அந்தச் சனத்துக்குள் நடந்தவள்.

அந்த மேட்டிலேயே ஒரு றெஸ்ரோரன்ற் இருக்கிறது. பெயர் "எல் டியாப்லோ", பிசாசு என்று அர்த்தம். கட்டியதும் மன்றிக்கேதான். அங்கே கோழியை எரிமலைச் சூட்டில் சுடுகிறார்கள். கிணறு மாதிரி ஒரு வட்டக் கட்டு, அதன்மேல் பெரிய இரும்புக் கிறில். காஸ் இல்லை, கரி இல்லை. கீழே இருந்து வருகிற சூடு மட்டும். நான் கையை நீட்டிப் பார்த்தேன். நெருப்பின் சூடு முகத்தில் அடிக்கும், இது அப்படியல்ல. ஒரே சீராக வருகிறது. அந்தக் குசினிக்காரன் அவசரப்படவே இல்லை. கோழிக்காலை இடம் மாற்றி மாற்றி வைத்தபடி நின்றான். கைகளில் என் கைகளில் இருக்கிற அதே தழும்புகள். நானும் கிறில்காரன் என்று சைகையில் காட்டினேன். சிரித்துவிட்டு ஒரு கோழிக்கால் கூடுதலாக வைத்தான். எங்கள் முதலாளி இந்த அடுப்பைக் கண்டால் காஸ் பில்லை நினைத்துக் கண்ணீர் விடுவார்.

சாப்பிடும்போது மூத்தவன் கேட்டான்.

"மாமாத்தாத்தா, ஏன் விழுந்தனீங்கள்?"

"சத்தம் கேட்டுதப்பு."

"எங்களுக்கும் கேட்டது. நாங்கள் விழேல்லையே."

பத்து வயது. இனியும் "காசு இல்லை" கதை சொல்லேலாது என்று விளங்கியது. மருமகளைப் பார்த்தேன். "சொல்லுங்கோ மாமா" என்றாள்.

சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய அளவு. ஷெல் வரும்போது முதலில் ஒரு கூவல் கேட்கும், அது நின்றால் படுக்கவேண்டும் என்று அம்மா பழக்கியது. வீட்டைவிட்டு வெளிக்கிட்ட காலை, எல்லாரும் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு நிற்க, அம்மா மட்டும் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்றது. "ரெண்டு நாளில வந்திடுவம், அதுக்குள்ள வாடிப்போகும்" என்றாவாம் அப்பாவிடம். பிறகு பல்கலைக்கழகம் போனது. 2000இல் விடுமுறை முடிந்து திரும்பும்போது ஒரு சோதனைச் சாவடியில் இறக்கி எடுத்தது. ஐந்து கிழமை. என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. வெளியே வந்ததும் அப்பா இருந்த நகை, கடன் எல்லாம் சேர்த்து ஏஜென்சிக்காரனிடம் கட்டி அனுப்பிவிட்டார். இரண்டாம் வருடச் சோதனை எழுதவில்லை. அவ்வளவுதான்.

மூத்தவன் கனநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "வெங்காயம் என்ன ஆச்சு?"

இருபத்தைந்து வருடத்தில் என்னிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை. விசாரித்த அதிகாரிகள் கேட்கவில்லை, வழக்கறிஞர் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. வாடித்தான் போயிருக்கும் என்றேன்.

அடுத்த நாள் லா கெறியா என்ற இடத்துக்குப் போனோம். பூங்காவுக்கு வெளியே, பக்கத்திலேயே. இதைப் பார்த்துத்தான் நான் இந்தப் பதிவையே எழுத நினைத்தேன். மலைச்சரிவு முழுவதும் கறுப்புச் சாம்பல். அதில் ஆயிரக்கணக்கான வட்டக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு முந்திரிகைக் கொடி. காற்றடிக்கிற பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்கி ஒரு சின்ன மதில்.

லாவா ஓடிய இடத்தில் விவசாயிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் சாம்பல் கொட்டிய இடத்தில், அதற்குக் கீழே பழைய மண் அப்படியே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே இரண்டு மூன்று மீற்றர் குழி தோண்டினார்கள், பழைய மண்ணைத் தொடும்வரை. அங்கே கொடியை நட்டார்கள். சாம்பல் சரளை இரவுப் பனியைக் குடித்து, பகலில் ஈரம் போகாமல் மூடி வைத்தது. நிலத்தை அழித்த சாம்பலே நீர் இல்லாத தீவில் நீரைக் காத்தது. பிறகு எரிமலை தொடாத காணிகளுக்கும் அந்தச் சாம்பலை அள்ளிக்கொண்டுபோய்ப் பரப்பினார்கள். அப்படி விளைந்த பயிர்களில் ஒன்று என்ன தெரியுமோ? வெங்காயம். இந்தத் தீவு வெங்காயத்துக்குப் பெயர்போனது என்று விடுதிக்காரப் பெண் சொன்னபோது மூத்தவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

நான் தோட்டக்காரனின் மகன். ஒரு குழிக்கு எத்தனை நாள் வேலை, எத்தனை கடகம் சாம்பல், எந்த நாரி நொந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுக்கும் ஒரு குழிக்கு ஒரு கொடி, மிஞ்சினால் இரண்டு.

சின்னவள் ஒரு கறுப்புக் கல்லை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டாள். அதில் பச்சையாக ஒலிவின் மணிகள் மினுங்கின. எடுக்கக் கூடாது, வைத்துவிடு என்றேன். முழங்காலில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்த பிள்ளை, நேற்றைய கோபமும் சேர, "ஒரு கல்லுத்தானே" என்றாள். எல்லாரும் ஒரு கல் எடுத்தால் இந்த மலை இருக்காது என்றேன். மனமில்லாமல் வைத்தாள்.

இனி என் அபிப்பிராயம். எங்கள் ஆட்கள் மேடைகளில் போரை எரிமலைக்கும் சுனாமிக்கும் ஒப்பிட்டுப் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். இனிப் பேசமாட்டேன். எரிமலைக்கு ஒருவர்மேலும் கோபம் இல்லை. அது ஆள் பார்த்து, பெயர் பார்த்து, மொழி கேட்டு எரிப்பதில்லை. அது அடங்கியபின் "உன் காணிக்குள் போகாதே" என்று முட்கம்பி போடுவதும் இல்லை. ஆறு வருடம் எரிந்த நிலத்துக்குச் சனம் திரும்பி வந்து குழி தோண்டியது. எங்கள் காணி விடுபட 28 வருடம் எடுத்தது.

இன்னொன்று. 1730களில் சனம் படகேறி ஓடிய தீவு இது. இன்று இதே கனாரித் தீவுகளுக்கு மேற்கு ஆபிரிக்காவில் இருந்து மரப்படகுகளில் ஆட்கள் வருகிறார்கள். 2024இல் மட்டும் 46,000 பேருக்கு மேல் வந்தார்கள். கடலில் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. பிரான்சில் எங்கள் ஆட்களே சிலர் "கண்டபடி ஆட்கள் வந்து நாட்டைக் கெடுக்கிறாங்கள்" என்று சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். நாங்கள் என்ன அழைப்பிதழ் வைத்தா வந்தோம்?

கடைசியாக, சொல்லத் தயங்கிய விசயம். 2018இல் காணி விடுபட்டது. 2019இல் நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வீடு இடிக்கப்பட்டு, அத்திவாரக் கல்கூட இல்லை. இடம் பிடித்துக் காட்டியது கிணறு மட்டும்தான். மற்றதெல்லாம் பற்றை. இப்போது அதை வாங்க ஒருவர் கேட்கிறார். அக்கா விற்போம் என்கிறார். முழங்கால் வருத்தத்தோடு அவர் இனி அங்கே போய் இருக்கப்போவதில்லை. மருமகளுக்கு வீட்டுக்கடன் இருக்கிறது. நியாயமான கதைதான். நான் கையெழுத்து வைத்தால் சரி. அந்தக் கடதாசி மூன்று மாதமாக என் மேசையில் கிடந்தது.

திரும்பி வந்த அன்று அக்கா வீட்டில் சாப்பிட்டோம். மூத்தவன் லா கெறியாப் படங்களை அம்மம்மாவுக்குக் காட்டினான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கு எங்க இருந்தடா தண்ணி இறைக்கிறாங்கள்?"

"இறைப்பு இல்லை அக்கா. பனி."

"பனியிலயோ" என்றார். பிறகு, "அம்மா பார்த்திருக்கோணும்" என்றார்.

நான் அன்று அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். விற்கலாம், நான் மறிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் ஒருமுறை போய் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்த பிறகு விற்போம். பார்க்காத காணியை விற்றால் அவர்களுக்கு அது வெறும் காசு. பார்த்துவிட்டு விற்றால், என்னத்தை விற்றோம் என்றாவது தெரியும். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வெயிலுக்குத் தாங்குங்களோ இதுகள்" என்று மட்டும் கேட்டார். அக்காவின் அகராதியில் அது பாதி ஓம்.

அடுத்த கோடை விடுமுறைக்கு ரிக்கற் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாளியிடம் லீவும் கேட்கவேண்டும். மூத்தவன் தான் ஒரு மண்வெட்டி பிடிக்கப் போவதாகச் சொல்லித் திரிகிறான். சின்னவளுக்கு முழங்கால் ஆறிவிட்டது, என்மேல் கோபமும் ஆறிவிட்டது.

இன்று மாலை வேலை. கோழி ஊறப்போட வேண்டும், போகிறேன். மிச்சம் பிறகு எழுதுகிறேன்.